அகல டயர் போட்டால் வண்டி வழுக்காதா?

பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகரின் கடிதம் இது. நீளமாக எழுதியிருந்தார்; சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 29. 150 சிசி வண்டி வைத்திருக்கிறேன். பின் டயர் வண்டியோடு வந்தது, 100/90-17. தினமும் நானும் மனைவியும் அதில்தான் வேலைக்குப் போகிறோம். போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது முன்னால் போனவர் திடீரென்று நின்றுவிட்டார். பின் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் இருவரும் விழுந்தோம். மனைவிக்கு முழங்கையில் சிராய்ப்பு, அதோடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். டயர் ஒல்லியாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். 130/70-17 போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த உயரத்தில் இரண்டுக்கும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வருகிறது. அப்படியென்றால் பொருந்தும்தானே? இப்போதுள்ள ரிம்மிலேயே ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். உரசினால் மட்கார்டைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமாம். இன்சூரன்ஸ்காரர் டயரை அளந்தா பார்க்கப் போகிறார் என்கிறார். மைலேஜ் குறையுமா என்பது என் சந்தேகம். மறைக்காமல் சொல்கிறேன், அகல டயர் வண்டிக்கு ஒரு கம்பீரம் தரும், அந்த ஆசையும் இருக்கிறது."

100/90-17 என்றால் டயரின் அகலம் 100 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கடிதத்தோடு படங்களும் அனுப்பியிருந்தார். ரிம்மில் 17×2.50 என்று பொறித்திருக்கிறது, அதாவது விட்டம் 17 அங்குலம், அகலம் 2.50 அங்குலம். பழைய டயரின் பக்கவாட்டில் 1619 என்று ஒரு நான்கு இலக்க எண். டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, ஓரங்களில் மட்டும் வரிப்பள்ளம் நன்றாகத் தெரிகிறது. இதுவரை 24 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறதாம். காற்று எவ்வளவு என்ற இடத்தில் "அமுக்கிப் பார்த்து அடிப்பேன்" என்று எழுதியிருக்கிறார்.

நண்பரே, ஆசையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தேவைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மழையில் வண்டி வழுக்கக் கூடாது என்பது ஒன்று. வண்டி பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒரே டயரில் இரண்டையும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன்.

அன்று வழுக்கியது எது?

1619 என்பது டயர் தயாரான தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. உங்கள் டயர் 2019ஆம் ஆண்டின் 16ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். வெயிலிலும் சூட்டிலும் காற்றிலும் இறுகிக்கொண்டே போகும். ஐந்து வருடம் ஆன டயரை அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்குமேல் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது. உங்களுடையது அந்த முதல் எல்லையைத் தாண்டிவிட்டது. இறுகிய ரப்பருக்கு உலர்ந்த சாலையில் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. ஈரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் அந்தத் தட்டையான நடுப்பகுதி. பைக் டயரின் குறுக்குவெட்டு வளைந்திருப்பது, வண்டியைச் சாய்க்கும்போது சீராக உருண்டு ஓரத்துக்குப் போவதற்காக. நேர்ச்சாலையிலேயே ஓடி நடுப்பகுதி தேய்ந்த டயரில் தட்டைக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு விளிம்பு உருவாகிவிடும். திரும்பும்போது வண்டி முதலில் தயங்கும், அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று சாயும். தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளமும் நடுவில் இல்லை. காற்றையும் அமுக்கிப் பார்த்தே அடித்திருக்கிறீர்கள். இருவர் போகும் வண்டியில் 8, 10 பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் கட்டைவிரலுக்குத் தெரியாது.

இது எல்லாம் இருந்தும், உங்களைக் கீழே தள்ளியது பிரேக் என்றுதான் கடிதத்தைப் படிக்கும்போது படுகிறது. பிரேக் போடும்போது வண்டியின் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பின் பிரேக்கை முழுக்க மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். பூட்டிக்கொண்ட சக்கரம் பக்கவாட்டில் பிடித்து நிற்காது. வளைவில் வண்டி சாய்ந்திருந்தால் பின்பக்கம் வெளியே போய்விடும். 100 டயராக இருந்தாலும் 130 டயராக இருந்தாலும் இதுதான் நடக்கும். உங்கள் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்து, அது ஒற்றைச் சேனல் என்றால், அது முன் சக்கரத்தை மட்டும்தான் காப்பாற்றும். பின் சக்கரம் உங்கள் காலின் பொறுப்பு.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

அகல டயர் சாலையில் அதிக இடம் படியும், அதனால் அதிகம் பிடிக்கும் என்பது உங்கள் நண்பர்களின் வாதம். கேட்டால் சரிபோலத்தான் இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் இருவரும் உட்கார்ந்தபின் பின் சக்கரத்தில் சுமார் 170 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 33 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 170ஐ 2.3ஆல் வகுத்தால் 74 சதுர சென்டிமீட்டர். டயர் சாலையில் படியும் பரப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. டயரின் உடற்கட்டும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையில் சற்று முன்னே பின்னே இருக்கும், ஆனால் அடிப்படை இதுதான். அகல டயரில் அந்தப் பரப்பின் வடிவம் மாறும். அகலம் கூடி நீளம் குறையும். நீளமாகவும் குறுகலாகவும் படியும் டயர் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போகும். அகலமாகப் படிவது நீரின்மேல் மிதக்கத்தான் அதிகம் தயாராக இருக்கும். நீங்கள் பயப்படுவதோ மழைக்கு.

அப்படியானால் பெரிய பந்தய வண்டிகளில் ஏன் 190 டயர் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். 150 குதிரைத்திறனுக்குமேல் ஒரே சக்கரத்தில் இறக்கும்போது ரப்பர் கிழிந்து சூடாகும். மென்மையான ரப்பரைப் போட்டு, அந்தச் சூட்டையும் தாங்கி, கொஞ்ச தூரமாவது ஓட வேண்டுமென்றால் அகலம் தேவை. அந்த டயர் உட்காரும் ரிம் 6 அங்குலம். அதே வண்டியின் முன் டயரைப் பாருங்கள், 120தான். பிடிப்புக்கு அகலம்தான் காரணம் என்றால், பிரேக்கின் பெரும்பாரத்தையும் சுமக்கும் முன் சக்கரத்துக்கல்லவா முதலில் அகல டயர் போட்டிருப்பார்கள்? உங்கள் இன்ஜினின் திறனை 100 டயர் எந்தச் சிரமமும் இல்லாமல் சாலைக்குக் கொண்டுபோகும்.

ஈரத்தில் வித்தியாசம் காட்டுவது ரப்பரின் கலவை, அதன் வயது, பள்ளத்தின் ஆழம், காற்றழுத்தம் ஆகிய நான்கும்தான். உங்களிடம் நான்கிலுமே குறை இருந்தது. அதே 100/90 அளவில் ஒரு புதிய, நல்ல ஈரப்பிடிப்புள்ள டயரைப் போட்டாலே வண்டி வேறு வண்டியாகத் தெரியும்.

உங்கள் கணக்கில் விட்டுப்போனது

உயரக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். 17 அங்குலம் என்றால் 431.8 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டரில் 90 சதவீதம் 90, மேலும் கீழும் சேர்த்து 180, மொத்தம் 611.8. 130இல் 70 சதவீதம் 91, மொத்தம் 613.8. ஸ்பீடோமீட்டரும் ஏமாறாது, வண்டியின் நிலையும் மாறாது. உயரத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் பார்க்காமல் விட்டது ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குல ரிம் வரை என்று ஒரு வரம்பு உண்டு. டயர் நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும். 100/90 டயருக்கு 2.50 அங்குல ரிம் சரியான அளவு. 130/70 டயரை அளந்து பார்ப்பதே 3.50 அங்குல ரிம்மில் வைத்துத்தான். உங்கள் 2.50 அதற்கான வரம்புக்கு வெளியே இருக்கிறது. கடைக்காரர் ஏற்றித் தருவார், அதில் சந்தேகமில்லை. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றை அடித்தால் ஏறிவிடும். பெரிய தலையணையைச் சின்ன உறைக்குள் திணித்த மாதிரிதான் உட்காரும். பக்கச் சுவர்கள் உள்ளே நெருக்கப்பட்டு, நடுப்பகுதி புடைத்து மேலே வரும். நேராக ஓட்டும்போது அந்தப் புடைப்பு மட்டும் சாலையில் படும், அதனால் நடுப்பகுதி சீக்கிரம் தேயும். ஓரத்து ரப்பர் கடைசிவரை சாலையைத் தொடாமலேயே இருக்கும். வளைவில் பக்கச் சுவர் ஆடுவதால் வண்டியின் பின்பக்கம் மிதப்பதுபோல இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறையும். 3.50க்குப் பதில் 2.50 என்றால் இரண்டு அரை அங்குலம், ஆக 10 மில்லிமீட்டர். 130 என்று விலை கொடுத்து வாங்கியது உங்கள் வண்டியில் 120ஆகத்தான் நிற்கும். பின்னால் நின்று பார்ப்பவருக்கு நீங்கள் எதிர்பார்க்கும் கம்பீரம் அதில் முழுதாகத் தெரியாது.

மட்கார்டை வெட்டும் யோசனை என்னைக் கவலைப்பட வைக்கிறது. நிற்கும் வண்டியில் உரசவில்லை என்பது போதாது. வேகத்தில் டயர் சுழற்சியால் கொஞ்சம் விரியும். பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கி, டயர் மட்கார்டுக்கு அருகில் போகும். செயினை இறுக்கவோ தளர்த்தவோ ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகர்த்துவீர்கள். முன்னுக்கு வரும்போது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் குறுக்குத்தண்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி குறையும். சேறோ ஒரு சின்னக் கல்லோ நடுவில் மாட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். செயின் பக்கமும் பிரேக் கம்பியின் பக்கமும் இதே கதைதான். உங்கள் மனைவி எதற்குப் பயப்படுகிறாரோ அதை நாமே ஏற்பாடு செய்த மாதிரி ஆகிவிடும்.

மைலேஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறையும், ஆனால் அதிகமாக இல்லை. டயரின் எடை கூடும், உருளும் தடை கூடும். சின்ன இன்ஜின் என்பதால் கிளம்பும்போது மந்தமாகத் தெரியும். நான் இதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

என்ன செய்யலாம்?

என் முதல் பரிந்துரை அதே 100/90-17. உங்கள் தேவை பிடிப்பு மட்டும்தான் என்றால் இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

ஆசையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றால் 110/80-17 பாருங்கள். இதன் உயரம் 607.8 மில்லிமீட்டர், பழையதைவிட 4 மில்லிமீட்டர்தான் குறைவு. 2.50 அங்குல ரிம் இதற்குரிய ரிம்தான். அதனால் 110 என்றால் ஏறக்குறைய 110ஆகவே நிற்கும். கடைக்காரரின் 130 உங்கள் ரிம்மில் 120 ஆகும் என்று பார்த்தோம். ஆக நீங்கள் விட்டுக்கொடுப்பது வெறும் 10 மில்லிமீட்டர் தோற்றம். வாங்குவதற்குமுன் இப்போதுள்ள டயரின் இரு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் குறையப்போகிறது. செயினின் இப்போதைய நிலையில் மட்டும் அளக்காதீர்கள். ஆக்ஸில் எவ்வளவு முன்னுக்கு வர முடியுமோ அந்த நிலையையும் கணக்கில் எடுங்கள்.

எதை வாங்கினாலும் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 55 என்றால் 218 கிலோ தாங்கும், 57 என்றால் 230. P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை, S என்றால் 180. வண்டியின் கையேட்டில் உள்ளதைவிட இவை குறையக் கூடாது. கூடுதலாக இருந்தால் தவறில்லை. பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுகிற கடைகள் உண்டு, நின்று பாருங்கள். டயர் ட்யூப் வகையா ட்யூப்லெஸ்ஸா என்பதும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது வழி, 3.50 அங்குல ரிம்மோடு சக்கரத்தையே மாற்றி 130 போடுவது. செய்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பேசர், செயின் நேர்கோடு, பிரேக் தட்டு, சில வண்டிகளில் ஸ்விங் ஆர்ம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். அத்தனையும் செய்வதற்கு அகல டயரோடு வரும் வண்டியாகவே மாறிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இன்சூரன்ஸும் உங்கள் உரிமையும்

"அளந்தா பார்க்கப் போகிறார்" என்ற பேச்சை நம்பாதீர்கள். அளக்கத் தேவையே இல்லை, அளவு டயரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. சின்னக் கீறலுக்கு யாரும் பார்க்காமல் போகலாம். யாருக்காவது பலத்த காயம் என்றால் வண்டியைப் பரிசோதிப்பவர் முதலில் பார்ப்பவற்றில் டயரும் ஒன்று. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பதிவு ஆவணத்திலேயே டயர் அளவு இருக்கும், மாற்றினால் பதிந்தாக வேண்டும். சில இடங்களில் வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்த மாற்று அளவுகளுக்குத் தடையில்லை. ஆகவே கையேட்டில் மாற்று அளவு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, பதிவு ஆவணத்தில் அளவு குறிப்பிட்டிருக்கிறதா, பாலிசியில் மாற்றங்களைத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். 110க்கு மாறுவதாக இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது சண்டை வரும்போது உதவாது.

அதே சமயம் தேவையில்லாமல் பயப்படவும் வேண்டாம். பின்னாளில் இழப்பீட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிவப்பு விளக்கில் நின்ற வண்டியை ஒருவர் பின்னாலிருந்து இடித்ததற்கும் உங்கள் டயர் அகலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு. பாலிசியின் வாசகத்தைப் பொறுத்து அது எடுபடலாம், படாமலும் போகலாம். வரம்புக்கு வெளியே உள்ள ரிம்மில் டயர் போட்டு, வளைவில் வழுக்கி விழுந்தபின் அதே கேள்வியைக் கேட்க முடியாது.

கடைக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பில்லில் டயரின் அளவோடும் தயாரிப்பு எண்ணோடும் "17×2.50 ரிம்முக்குப் பொருந்தும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். 110/80க்குத் தயங்காமல் எழுதித் தருவார். 130/70க்கு என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள்.

புது டயர் போட்டபின்

புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை பதமாக ஓட்டுங்கள், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதுவரை மனைவியை ஏற்ற வேண்டாம். காற்றுமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கையேட்டில் இருவருக்கான அழுத்தம் தனியாகப் போட்டிருக்கும், அதை வையுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து அடிப்பவர்கள் நிறையப் பேர்.

வாகனமில்லாத ஒரு திடலில் தனியாகப் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்து இறுக்கப் பழகுங்கள். முதலில் உலர்ந்த தரையில், கை பழகியபின் ஈரத்தில். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். வளைவுக்குள் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் வண்டியை முடிந்தவரை நிமிர்த்திவிட்டுப் பிடியுங்கள். அன்று என்ன நடந்தது என்று மனைவியிடம் உள்ளபடி சொல்லுங்கள். டயர் பழையது, காற்று பார்க்கவில்லை, வளைவில் பின் பிரேக்கை மிதித்தேன் என்று சொன்னால் அவருக்கு நம்பிக்கை வர வாய்ப்புண்டு. குண்டு டயரைக் காட்டி இனி வழுக்காது என்று சொல்வதில் அது வராது.

மூன்று படம் அனுப்பியிருக்கிறீர்கள், மூன்றுமே பின் சக்கரம். முன் டயரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுவும் வண்டியோடு வந்ததென்றால் வயதும் அதேதான் இருக்கும். பள்ளம் நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். முன் டயர் மெதுவாகத்தான் தேயும், ஆனால் அதே வேகத்தில்தான் இறுகும். மழையில் உங்களை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. அதன் நான்கு இலக்க எண்ணையும் பார்த்துவிட்டு, பழையதாக இருந்தால் ஒரே நிறுவனத்தின் ஜோடியாக இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.